பாஷை தெரியாமலே பல தேசம் போனவர்கள்: தெரியுமா?

உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடத்துக்குள் ஓலை, அதைக் கைவிட்டு எடுக்கும் சின்னப் பையன். பள்ளிக்கூடத்திலும் படித்தாயிற்று, போட்டித் தேர்விலும் எழுதியாயிற்று. ஆனால் அந்த ஊர் உருவான காலத்து ராஜாவே, தூரதேசத்திலிருந்து கூட்டிவரப்பட்ட 12 வயதுப் பையன் என்பது தெரியுமா?

எட்டாம் நூற்றாண்டு. பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். காஞ்சிப் பெரியவர்கள் பயணம் கிளம்பி, அதே குலத்தின் இன்னொரு கிளையில் வந்த இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்டு நிற்கிறார்கள். மூத்தவர்கள் மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட, கடைக்குட்டி பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான்! மலை, ஆறு, காடு எல்லாம் தாண்டி வந்தவனை யானைமேல் ஏற்றி அழைத்துப் போகிறார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அவன் கிளம்பிய இடம் கடலுக்கு அப்பால், தென்கிழக்காசியாவில் என்று ஆய்வாளர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் ஒப்புவதில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, அறுபது வருஷத்துக்கு மேல் ஆண்டான். உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம் அவன் காலத்தில்தான் எழுந்தது. இந்தக் கதை முழுக்கக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்பமாக இருக்கிறது. (குடவோலைக் கல்வெட்டு இருப்பதோ உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில். பெயர் ஒன்று, கோயில் இரண்டு. ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்!)

அதற்கு நூறு வருஷம் முன்பே, 640 வாக்கில், காஞ்சிக்கு ஒரு சீனர் வந்து சேர்ந்தார். யுவான் சுவாங்! தமிழ் தெரியாது. ஆனால் நாளந்தாவில் கற்ற சமஸ்கிருதம் இருந்தது. புத்த மடம் உள்ள ஊரிலெல்லாம் அது சோறும் போட்டது, சேதியும் சொன்னது. இங்கிருந்து இலங்கைக்குப் போகத்தான் ஆசை. அங்கே ராஜா இறந்துவிட்டார், பஞ்சம் என்று இலங்கையிலிருந்து வந்த பிக்குகள் காஞ்சியில் சொல்லவே, பயணத்தைக் கைவிட்டார்.

நம் ஆட்கள் சீனா போனதைக் கேளுங்கள். ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சீன அரசவையை அடைந்தது. வழியில் ஆன நாட்கள் 1,150 என்று சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கும் மேல்! இதில் வயிற்றைப் பிசையும் விஷயம், அனுப்பிய ராஜராஜன் 1014-லேயே காலமாகிவிட்டான். அரசவையில் சோழத் தூதர்கள் எப்படி மரியாதை செய்தார்களாம் தெரியுமா? தட்டில் முத்துகளை ஏந்திப் போய், சிம்மாசனத்தின் முன்னால் தூவினார்கள். இதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

அதே சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் நம் வணிகர்கள் சிவன் கோயிலே வைத்திருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. குப்ளாய் கானின் நலனுக்காக வைத்தது. தமிழ் வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு வரி சீனம்!

சீனர்கள் மட்டும் சளைத்தவர்களா? கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்ததாகக் கருதப்படுகிறது. அதாவது, போகிற ஊரின் எழுத்தைப் புறப்படும் முன்பே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்! 1911-ல் காலி நகரில் இது எப்படி அகப்பட்டது தெரியுமா? வடிகால் மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் பத்திரம்.

செங் ஹேயுடன் வந்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவானையே திகைக்க வைத்தது கோழிக்கோடு. அங்கே கணக்குப் பலகை கிடையாது. கைவிரல், கால்விரல் இருபதும்தான் கணக்கு, தப்பே வருவதில்லை என்று எழுதினார். விலை முடிந்ததும் இருவரும் கைகோத்துக்கொள்வார்களாம். அப்புறம் லாபமோ நஷ்டமோ, பேச்சு மாறக் கூடாது.

விரல் கணக்கு இன்னும் போகவில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே ஆயிரக்கணக்கில் பேரம் முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக் கூடாது என்பதுதான் காரணம். கேரளத்து வியாபாரிக்கும் நம்மூர்க்காரருக்கும் ஒரே விரல்தான்!

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடபக்கத்தில் இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, தமிழ் தெரியாத கொரியர்கள் வந்தபடி இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகளே வந்துவிட்டன.

இங்கிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சார்ஜ் போனால் அதுவும் ஊமைதான். தங்கப்போகும் இடத்தின் முகவரியை அந்த நாட்டு எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.