தறி நின்ற நாட்களுக்கு யார் கூலி தருவது?

ஆரணியில் நெசவுக்கூலி சேலைக் கணக்கு. சேலை இறங்கினால்தான் காசு. அப்படியொரு வீட்டில் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, மனைவி தன்னுடையதைக் கொடுக்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு வழி இருக்கிறது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் பக்கத்து வேலூர் சிஎம்சியில்தான் நடந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டிலும் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது?

கொடுத்தவர் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது, வயிற்றுக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது. குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிப்பவருக்கு அது வேலையையே விடுவதற்குச் சமம். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாட்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. 2023 ஏப்ரலில் வந்த ஆணை அது. நல்ல ஆணை. ஆனால் நெசவாளிக்கு விடுப்பு தர யார் இருக்கிறார்கள்?

அந்த நாட்களுக்கு ஈடாகக் காசு கொடுக்கலாமே என்றால், “காசு வாங்கினால் கிட்னி வித்ததா ஆயிடுமே” என்ற பயம் பலருக்கு உண்டு. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளிவந்து, விசாரணை உயர் நீதிமன்றம் வரை போனது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள்.

ஆனால் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விலையையும் இழப்பீட்டையும் தெளிவாகவே பிரிக்கிறது. உறுப்பு கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் வருமான இழப்பையும் நியாயமான அளவில் ஈடுசெய்வதை அது வணிகமாகக் கருதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்திருக்கும் இந்த வழியில் ஏழை நெசவாளியை அழைத்துப்போக ஒரு திட்டமும் வரவில்லை என்பதுதான் வேதனை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2023இல் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுத்தவர்களில் சுமார் 63 சதவீதம் பேர் பெண்கள். நெசவாளர் வீட்டில் ராட்டையில் தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். கூலி எழுதப்படுவதோ கணவர் பெயரில். வருமான இழப்பைக் கணக்கிட உட்கார்ந்தால், அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் விழும். இஸ்ரேலில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பு கொடுத்தவருக்கு 40 நாள் வருமானம் ஈடுசெய்யப்படுகிறது. வேலையில் இல்லாதவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கணக்கு.

நம்மிடம் கைத்தறி, கைத்தறிப்பட்டு நெசவாளர்களுக்கென்று நல வாரியமே இருக்கிறது. தறியில் உட்காருபவருக்கும் தார் சுற்றுபவருக்கும் ஒரே அளவாக 42 நாள் குறைந்தபட்சக் கூலியை வாரியம் தரட்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்தாக வேண்டும். அந்தப் பரிசோதனைகளை ஆரணி அரசு மருத்துவமனையிலேயே, அவர் பெயரில் தனி அட்டை போட்டு, ஆயுள் முழுதும் இலவசமாகச் செய்யட்டும்.