காஸ்பல் பாட்டும் அதன் சபையும்: ரொசெட்டா தார்ப்பைக் கேட்பது குறித்துச் சில குறிப்புகள்

1

'சாமி பாட்டு' என்றதும் நம் தோழர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. உடுக்கைப் பாட்டு என்றால் 'மக்கள் கலை' என்று ஏற்றுக்கொள்வார்கள். அதே ஆட்களிடம் கிறிஸ்தவப் பாட்டைப் பற்றிப் பேசிப் பாருங்கள், 'அது மிஷனரி சரக்கு' என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். யார் பாடியது, எந்த நிலைமையில் பாடியது, எதை எதிர்த்துப் பாடியது என்கிற கேள்விகளெல்லாம் அத்தோடு முடிந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்த கிறிஸ்தவ இசை, 1944இல் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் கிதார் வாசித்துப் பாடிய பாட்டு. அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். எந்தச் சபை வழியாகவும் அது என்னிடம் வரவில்லை. செல்பேசியில் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்றில் ஏதோ ஒரு ப்ளூஸ் பாட்டு முடிந்ததும் அடுத்ததாகத் தானே ஓடியது. நான் விசுவாசி அல்ல. ஆனாலும் அந்தப் பாட்டை விட முடியவில்லை.

இதில் விளக்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. இந்த இசை யாருடையது என்பது ஒன்று. ஸ்ட்ரீமிங் என்கிற விநியோக முறை இதைக் கொண்டுவரும்போது எதைக் கழித்துவிட்டுத் தருகிறது என்பது இன்னொன்று.

2

தார்ப் 1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளாண்ட் என்ற ஊரில் பிறந்தார். ஊரின் பெயரே பருத்திச் செடி. தாய் கேட்டி பெல் நூபின், 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' என்ற பெந்தெகொஸ்தே சபையின் ஊழியக்காரர். மாண்டலின் வாசித்துக்கொண்டே பாடுவார். கொஞ்சம் வசதியும் படிப்பும் வந்துவிட்ட கறுப்பினச் சபைகள் பல, வெள்ளையர் பாணிப் பாமாலைகளே கண்ணியமானவை என்று நினைத்த காலம் அது. இந்தச் சபையோ கிதார், டிரம்ஸ், டாம்பரின், கைதட்டல், ஆட்டம் எல்லாவற்றையும் ஆராதனைக்குள் அனுமதித்தது. 'வெறும் கூச்சல்' என்று மற்றவர்கள் ஏளனம் செய்தார்கள். பெண்களுக்கு இங்கேயும் போதகர் பட்டம் கிடையாது. ஆனால் பிரசங்கத்துக்குப் 'போதனை' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் பேசலாம். இப்படி ஒரு சந்தில் நுழைந்து வந்த குரல்தான் தாயுடையது, மகளுடையதும்.

1938இல் தார்ப் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் பாடினார். கறுப்பர் ஆடிப்பாட, வெள்ளையர் காசு கொடுத்துப் பார்த்த இடம். அதே ஆண்டு டெக்கா கம்பெனிக்கு முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தார். அதில் ஒன்று தாமஸ் டோர்சி எழுதிய பிரார்த்தனைப் பாட்டு. சபையில் கேட்டால் கடவுளின் மடியைக் கேட்கும் பாட்டு, கிளப்பில் கேட்டால் வேறு ஒரு மடியைக் கேட்கும் பாட்டு. சொல் ஒன்றுதான், கேட்கும் இடம்தான் வேறு. சபையார் கொதித்துப் போனார்கள்.

இங்கே அவசரப்பட்டு, 'தூய்மையான பக்தியைச் சந்தை கெடுத்துவிட்டது' என்று நாம் புலம்பத் தொடங்கக்கூடாது. அந்த டோர்சி யார்? 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மா ரெய்னியோடு ப்ளூஸ் வாசித்தவர். கிளப்பின் பியானோவைச் சபைக்குள் கொண்டுவந்தவர். 1932இல் மனைவியும் பச்சைக் குழந்தையும் அடுத்தடுத்து இறந்தபோது அவர் எழுதிய பாட்டுத்தான் பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடியது. கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் எழுதிய நூலில், ஆன்மிகப் பாடல்களும் ப்ளூஸும் ஒரே அனுபவத்திலிருந்து கிளைத்தவை என்று வாதிட்டார். சனிக்கிழமை இரவு ஆடிய உடம்பும் ஞாயிறு காலை ஆராதனையில் ஆடிய உடம்பும் ஒன்றுதானே. வாரம் முழுக்கப் பிறர் வயலிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்த உடம்பு அது. 'புனிதம்', 'லௌகீகம்' என்ற எதிர்வு அந்த உடம்புக்கு வெளியே நின்று யாரோ போட்ட கோடு.

1944இல் சாமி பிரைஸ் பியானோ வாசிக்க, தார்ப் பாடிப் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்ற பாட்டு மறு ஆண்டு பில்போர்டின் கறுப்பர் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ராக் அண்ட் ரோலின் தொடக்கம் இங்கேதான் என்று சொல்பவர்கள் உண்டு. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் ஒரு பதினான்கு வயதுப் பையனை மேடையேற்றிப் பாடவைத்தார் தார்ப். அவன்தான் பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட். ராக் இசையின் வரலாறு ஆண்களின் பெயர்வரிசையாகவே நெடுங்காலம் எழுதப்பட்டது. கையில் கிதாரோடு நின்ற இந்தப் பெண் 'பக்திப் பாடகி' என்ற பெட்டிக்குள் ஒதுக்கப்பட்டார்.

3

தார்ப்பைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது, 1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிரானடா தொலைக்காட்சி படம்பிடித்த நிகழ்ச்சியாகத்தான் இருக்கும். கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். அதை அமெரிக்கத் தென்மாநிலத்து ரயில் நிலையம் மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். மழை பெய்து விட்டிருக்கிறது. ஐம்பது வயதை நெருங்கும் தார்ப், கோட்டு போட்டுக்கொண்டு, வெள்ளை மின்கிதாரைத் தோளில் மாட்டி, நோவா காலத்து மழையைப் பற்றிய பாட்டைப் பாடுகிறார். அந்தக் கிதாரின் முதல் வீச்சிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பாடுபவர் ஒரு பிளாட்பாரத்தில், கேட்பவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில். நடுவே தண்டவாளம். கேட்பவர்கள் வெள்ளை இளைஞர்கள். கைதட்டுகிறார்கள், ரசிக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காஸ்பலின் உயிர் எதில் இருக்கிறது? பாடுபவர் ஒரு வரியை எறிவார், சபை அதைப் பிடித்துத் திருப்பி எறியும். 'ஆமென்' சத்தம், கைதட்டல், கால் தட்டல், யாரோ ஒரு பாட்டி எழுந்து ஆடுவது எல்லாம் சேர்ந்துதான் பாட்டு. பாட்டு எப்போது முடியும் என்பதைக்கூடச் சபைதான் தீர்மானிக்கும். மான்செஸ்டரில் அந்தச் சபை இல்லை. பார்வையாளர் இருக்கிறார்கள். தென்மாநில வறுமை அங்கே மேடை அலங்காரமாகிவிட்டது.

ஸ்ட்ரீமிங்கில் அந்தத் தண்டவாளம் இன்னும் அகலமாகிவிடுகிறது. காதில் செருகிய கருவியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே அறுபது வருஷமும் ஒரு கடலும் ஒரு கம்பெனியும் கிடக்கின்றன. நான் பதில் குரல் கொடுத்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் பயந்துபோவார்.

4

இப்போது அந்தக் கம்பெனியைப் பார்ப்போம். 'உங்கள் ரசனைக்கு ஏற்றது' என்று சொல்லிப் பாட்டை எடுத்துத் தருகிறது அல்காரிதம். ரசனை என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள் என்ற கணக்கு ஒன்று, பாட்டின்மேல் ஒட்டியிருக்கும் வகைப்பெயர் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வரலாறு உண்டு.

1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பருக்கு விற்பதை 'ரேஸ் ரிக்கார்டு' என்றும், தென்மாநில வெள்ளையருக்கு விற்பதை 'ஹில்பில்லி' என்றும் பிரித்தன. இரண்டு பக்கத்திலும் பலசமயம் ஒரே பாட்டுகள்தான். 1949இல் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்ற சொல்லைக் கைவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று வைத்துக்கொண்டது. சொல் மாறியது, கோடு இருந்தது. இன்றும் அதே பத்திரிகை 'கிறிஸ்டியன்' பாடல்களுக்கு ஒரு பட்டியலும் 'காஸ்பல்' பாடல்களுக்கு வேறொரு பட்டியலும் வெளியிடுகிறது. ஒரே ஏசுதான், ஒரே பைபிள்தான். முதல் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளையர், இரண்டாவதில் பெரும்பாலும் கறுப்பர். ஞாயிறு காலை ஆராதனை வேளையில்தான் அமெரிக்காவின் இனப்பிரிவினை அதிகம் தெரிகிறது என்று கிங் சுட்டிக்காட்டுவதுண்டு. சபைகள் பிரிந்திருந்ததால் கேட்பவர் பிரிந்தார்கள், கேட்பவர் பிரிந்ததால் பட்டியல் பிரிந்தது, அந்தப் பட்டியலை உண்டு வளரும் கணக்கு அதையே 'உங்கள் ரசனை' என்று நம்மிடம் நீட்டுகிறது. நிறக்கோடு ரசனையின் வேடத்தில் வருகிறது. இதில் யாரும் யாரையும் வெறுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விசேஷம்.

அடுத்தது காசு. பொதுவாக இந்தச் சேவைகளில் சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே குவியலாகச் சேர்கின்றன. மொத்தம் ஓடிய பாட்டுகளில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பார்த்து உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். நான் மாதம் முழுக்கத் தார்ப்பை மட்டுமே கேட்டாலும் என் பணத்தின் பெரும்பகுதி அதிகம் ஓடும் சினிமா, பாப் பாட்டுக்காரர்களுக்குத்தான் போகும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டுக்குக் கணக்கில் எதுவும் சேராது. சின்னச் சபைக் குழுக்களின் பழைய பதிவுகள் இதில் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பெயர். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் தொகுத்து ஏற்றலாம். அதனால் ஒரே பாட்டு பத்து அட்டைகளில், பத்து வருஷங்கள் போட்டுக் கிடக்கிறது. 1944இல் பாடியதன் கீழே, தொகுப்பு வெளியான 2010களின் ஏதோ ஒரு வருஷம் நிற்கும். பியானோ வாசித்த சாமி பிரைஸ் பெயர் பலவற்றில் இருக்காது. பழைய எல்பி ரிக்கார்டின் அட்டைக்குப் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த அந்த வரலாறு இங்கே உதிர்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்வதால் 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று அர்த்தமாகாது. தார்ப்பின் தட்டு ஒன்று நம் ஊர்ப்பக்கம் கண்ணில் படாமலேயே ஒரு தலைமுறை போயிருக்கிறது. கறுப்பின காஸ்பல் தட்டுகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று ராபர்ட் டார்டன் 2005இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகுதான் டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் அவற்றைத் தேடி எண்முறையில் பதியும் வேலை தொடங்கியது. அதே தொழில்நுட்பம்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு தட்டின் விவரத்தையும் சேர்த்து எழுதிவைக்கிறார்கள்.

5

இந்தக் கேள்வி நமக்கும் அன்னியமானதல்ல. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் 'பரட்டை', 2005இல் மறைந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கர்நாடக பாணிக் கீர்த்தனைகளைக் கண்ணியத்தின் அடையாளமாகச் சபைகள் கொண்டாடியபோது, கிராமத்துத் தலித் மக்களின் மெட்டையும் பேச்சையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். இசையறிஞர் ஜோ ஷெரீனியன் 2014இல் வெளியிட்ட நூல் அவரைப் பற்றியதே. அப்பாவு நாட்டார் இசையைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், பாடுகிறவர்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது. பாட்டு முடிந்த பண்டம் அல்ல, சனம் கைவைத்துத் திருத்தும் பிரதி.

டிரம்ஸைக் கூச்சல் என்ற அமெரிக்கச் சபையும் பறையைத் தீட்டு என்ற நம்மூர்ச் சபையும் ஒன்றல்ல. நிறமும் சாதியும் வேறுவேறு இயந்திரங்கள். ஆனால் கருவியைப் பழிப்பதன் மூலம் அதை வாசிக்கும் உடம்பைப் பழிப்பது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் இரண்டையும் மாற்றமுடியாத ஒரே பதிவாக உறையவைத்து விற்கிறது என்பதும் பொது.

6

அதற்காகச் செல்பேசியைத் தூக்கி எறியவா முடியும்? வேண்டியதில்லை. அது தருவதை வாங்கிக்கொண்டு, அது தராததை நாம் தேட வேண்டும். நம் கூட்டங்களில் கவிதை வாசிக்கிறோம், சினிமா போடுகிறோம். ஒரு மாலை பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் பாட்டுகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்கலாம். யார் பாடியது, யார் வாசித்தது, எந்த வருஷம் என்று ஒருவர் தேடிவந்து சொல்லலாம். கேட்டதும் யாருக்காவது பதிலுக்குப் பாடத் தோன்றினால் பாடட்டும். விசுவாசம் வேண்டும் என்று கட்டாயமில்லை. பாட்டுக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது என்ற நினைவு வேண்டும்.

தார்ப் 1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. 2007இல் கேல் வால்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்து, ரசிகர்கள் நிகழ்ச்சி நடத்திக் காசு திரட்டிய பிறகுதான் கல் வைக்கப்பட்டது. 2018இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பாட்டு எங்கெங்கோ ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கல் வைக்க அது போதவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அவர் கதையைத் தேடி எழுத வேண்டியிருந்தது, மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுக் கூட வேண்டியிருந்தது. நம் சபைகளிலும் தெருக்களிலும் பாடிவிட்டுப் போன பெண்கள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அந்த வேலையை எங்கிருந்து தொடங்கலாம் என்று நண்பர்கள் எழுதினால் நல்லது.