சுருட்டி நிறுத்திய காபி ஹவுஸ்

தம்பானூர் பஸ் நிலையத்தருகே செங்கல் திருகாணி போல நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் (1917-2007) வடிவமைத்தது. தனித்தனி மாடிகள் கிடையாது. ஒரே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. நீளமான ஹாலுக்கு மனை போதாது. மனிதர் ஹாலையே சுருட்டி நிறுத்திவிட்டார்.

வெளிச்சுவரை மட்டும் டப்பாவின் லேபிளை உரிப்பது போல மனதுக்குள் வெட்டி விரியுங்கள். வட்டச் சுவர் செவ்வகமாகும். அதில் சுற்றியேறிய தளத்தின் விளிம்பு நேர்கோடாகிவிடும். ஒரு நீளமும் மாறாது.

தரை அப்படி மசியாது. இழுக்காமல், கிழிக்காமல் உருமாற்றினால் ஒரு பரப்பின் 'காஸ் வளைவு' மாறாது என்று 1827-ல் நிறுவினார் ஜெர்மானியக் கணித மேதை காஸ். தட்டைத் தாளுக்கு அது பூஜ்யம். திருகும் தரைக்குப் பூஜ்யமல்ல. எந்த அட்டையை வளைத்தும் இந்தத் தரையைச் செய்ய முடியாது. 

இன்னொரு விளைவும் உண்டு. ஒரு சுற்றில் இரு விளிம்பும் ஏறும் உயரம் ஒன்றே, ஆனால் உள்விளிம்பில் தூரம் குறைவு. அதனால் அங்கே சரிவு அதிகம். மேஜைகள் வெளிச்சுவரோரம்; காபித் தட்டோடு தலைப்பாகை சர்வர் ஏறுவது உட்பக்கம்.