முதுமையில் ஈரற் புற்றுநோய்: வெட்டுவதா, சுடுவதா?



வேலணைத் தீவின் கடலோரத்திலே உள்ளது சாட்டி. உவர்க்கடலின் அருகிருந்தும் அவ்வூர்க் கிணறுகள் நன்னீர் தருகின்றன. நிலத்தினுள் இறங்கிய மழைநீர், கனமான உவர்நீரின்மேல் ஒரு படையாய் மிதந்து நிற்பதே காரணம். அளவறிந்து அள்ளினால் நன்னீர் நிலைக்கும். மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். நம் ஈரலின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே.

ஈரற் புற்றுநோய் பெரும்பாலும் முன்னரே நலிந்த ஈரலிலேதான் தோன்றுகிறது. நீண்டகால வைரசுத் தொற்று, மதுப்பழக்கம், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புப் படிவு ஆகியவை ஈரலை வடுப்படுத்தி இறுகச் செய்கின்றன. இதனை ஈரலரிப்பு என்பர். நலமான ஈரலிலே பெரும்பகுதியை வெட்டி நீக்கினாலும் எஞ்சியது வளர்ந்து ஈடுசெய்யும். ஈரலரிப்புற்றதற்கோ அவ்வாற்றல் குறைவு. அளவுக்கு மிஞ்சி வெட்டினால், எஞ்சிய ஈரல் தன் தொழிலைச் செய்ய இயலாது போய்விடும்.

ஆகவேதான் சுடுமுறை தோன்றிற்று. ஸ்கான் படத்தின் துணையோடு, தோலினூடாக ஓர் ஊசியைக் கட்டியினுள் செலுத்தி, வானொலி அலையினாலோ நுண்ணலையினாலோ வெப்பமூட்டுவர். வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் கட்டியின் கலங்கள் மடிகின்றன. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. நோயாளர் பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்பலாம்.

எனினும் இதற்கும் எல்லையுண்டு. கட்டி 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயின் பயன் மிகுதி. பெரிய குருதிக்குழாயின் அருகிலிருந்தால், ஓடுங் குருதி வெப்பத்தைக் கவர்ந்து சென்றுவிடும். குடலை ஒட்டியிருந்தால் அதுவும் வேகக்கூடும். சுட்ட இடத்திலேயே நோய் மீளும் வாய்ப்பும், வெட்டுவதை நோக்கச் சற்று அதிகம்.

ஜப்பானில் 2009 முதல் 2015 வரை, 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளையுடைய சுமார் 300 பேரைச் சேர்த்து இரு முறைகளையும் ஒப்பிட்டனர். நோய் மீளாது வாழ்ந்த காலத்திலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இரு சாராரிலும் பலருக்கு ஈரலின் வேறிடங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆதலால் எம்முறையைக் கைக்கொண்டாலும், பின்னர்த் தொடர்ந்து பரிசோதித்தல் இன்றியமையாதது.

“இந்த வயதில் அப்புவுக்கு எதற்கு வைத்தியம்?” என்று சில பிள்ளைகள் கேட்பதுண்டு. அன்பினாற் பிறந்த கேள்வியே அது. ஆயினும் தவறான கேள்வி. எழுபத்தைந்து வயதிலும் நடந்து திரிந்து, ஈரலும் இதயமும் உறுதியாயிருப்பவருக்குச் சத்திரசிகிச்சை தகும். அறுபதிலேயே தளர்ந்தவருக்குச் சுடுமுறையே பொருந்தலாம். வயதை மட்டும் எண்ணாதீர்கள். “எஞ்சும் ஈரல் தாங்குமா? கட்டி எவ்வளவு பெரிது? எங்கே இருக்கிறது?” என்று வைத்தியரிடம் வினவுங்கள்.

இவ்விரு வழிகளும் கட்டி சிறிதாயிருக்கும்போதே திறந்திருக்கும். அப்போதோ நோவு பெரும்பாலும் இராது. ஆதலால் ஈரலரிப்புள்ளவர் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் செய்துகொள்ளல் வேண்டும். தீவிலிருந்து பண்ணைப் பாலங் கடந்து பட்டணத்து வைத்தியசாலைக்குச் செல்லும் அந்த ஒருநாட் பயணம், பல ஆண்டு வாழ்வைத் தரக்கூடும்.