‘டிஸ்கஸ் அபவுட்’ தப்புன்னா, ‘டிஸ்கஷன் அபவுட்’ மட்டும் எப்படி சரி?

மேனேஜர் உங்க சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ‘கேன் ஐ ஹேவ் எ வேர்ட் வித் யூ?’ என்று கேட்கிறார். பதற வேண்டாம். ‘உன்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்’, அவ்வளவுதான் அர்த்தம். போய்ப் பேசுகிறீர்கள். லீவும் கிடைத்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் டீம் வாட்ஸ்அப் குரூப்பில், ‘ஐ ஹேட் வேர்ட்ஸ் வித் த மேனேஜர்’ என்று தட்டிவிடுகிறீர்கள். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த சீனியரிடமிருந்து உடனே ஒரு மெசேஜ்: ‘ஏன்ப்பா, என்ன சண்டை?’

‘ஹேவ் எ வேர்ட் வித்’ என்றால் ஒருவரோடு சுருக்கமாகப் பேசுவது. ‘ஹேவ் வேர்ட்ஸ் வித்’ என்றால் வாய்த்தகராறு. நடுவில் இருந்த ‘எ’ போய், கடைசியில் ஒரு ‘எஸ்’ வந்தது. பேச்சு சண்டையாகிவிட்டது.

இங்கிலீஷில் இந்த மாதிரி மூவர் கூட்டணி நிறைய இருக்கு. ஒரு வெர்ப், ஒரு நவுன், கடைசியில் ஒரு ப்ரிபொசிஷன். ‘டேக் கேர் ஆஃப்’, ‘பே அட்டென்ஷன் டு’, ‘மேக் யூஸ் ஆஃப்’, ‘டேக் பார்ட் இன்’, ‘லூஸ் டச் வித்’, ‘புட் பிரஷர் ஆன்’... எல்லாமே நமக்குத் தெரிந்தவைதான். ஆனால், மெயிலிலும் இன்டர்வியூவிலும் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

இந்தக் கூட்டணியில் வெர்ப் வெறும் டம்மி. ‘பே அட்டென்ஷன்’ என்பதில் யாரும் யாருக்கும் பணம் கட்டுவதில்லை. ‘டேக் கேர்’ என்பதில் யாரும் எதையும் கையில் எடுப்பதில்லை. அர்த்தத்தின் பாரம் முழுக்க நவுன் மேல்தான். டென்மார்க்கைச் சேர்ந்த மொழி அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன், 1942-ல் வெளியான தன் ஆங்கில இலக்கண நூல் பகுதியில் இப்படி வரும் வெர்ப்களை ‘லைட் வெர்ப்’ என்று குறிப்பிட்டார். எடை குறைந்த வெர்ப். பொருத்தமான பெயர்தான்.

“இதெல்லாம் எப்படிங்க மனப்பாடம் பண்றது?” என்று கேட்காதீங்க. தமிழில் இதை நீங்கள் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். முடிவு ‘எடுக்கிறோம்’, சண்டை ‘போடுகிறோம்’, கவனம் ‘செலுத்துகிறோம்’, நம்பிக்கை ‘வைக்கிறோம்’. கொஞ்சம் மாற்றி, முடிவைப் ‘போட்டு’, சண்டையை ‘வைத்து’ப் பாருங்க. சிரிப்பு வரும். கடைசியில் ஒட்டும் வாலும் அப்படித்தான். படிப்பு‘ல’ கவனம், அவர் ‘மேல’ நம்பிக்கை, அவ‘னோட’ சண்டை. யாரும் உங்களுக்கு ரூல் சொல்லித் தரவில்லை. மொத்தமாகக் காதில் விழுந்தது, மொத்தமாக வாயில் வந்தது. ‘பண்ணு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘கால் பண்ணு’, ‘மிஸ் பண்றேன்’, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று எதை முன்னால் வைத்தாலும் சுமக்கும். நம்ம ஊர் லைட் வெர்ப்களின் சூப்பர் ஸ்டார் அதுதான்.

வால் தொலையும் இடம்

அப்படியானால் எங்கே இடிக்கிறது? ‘பே அட்டென்ஷன் டு யுவர் ஹெல்த்’ என்று நேராகச் சொல்லும்போது நமக்குத் தடங்கல் இல்லை. வாக்கியத்தைத் திருப்பும்போதுதான் வால் காணாமல் போகிறது.

தமிழில் ‘போட்டியில் பங்கெடுத்தேன்’ என்று சொல்கிறோம். அதையே திருப்பினால், ‘நான் பங்கெடுத்த போட்டி’. அந்த ‘இல்’ எங்கே போச்சு? போயேபோச்சு. தமிழ் இலக்கணத்தில் இது ரொம்ப இயல்பு. ‘நான் நம்பிக்கை வைத்த நண்பன்’ என்று சொல்லும்போது ‘மேல்’ எங்கே என்று யாரும் தேடுவதில்லை. அதே பழக்கத்தில் இங்கிலீஷுக்குப் போனால், ‘த காம்படிஷன் ஐ டுக் பார்ட்’ என்று நின்றுவிடுகிறோம். இங்கிலீஷ் காதுக்கு அது பாதியில் கட் ஆன கால் மாதிரி. ‘த காம்படிஷன் ஐ டுக் பார்ட் இன்’ என்றால்தான் முழுசு.

கேள்வியிலும் இதே கதைதான். ‘எதில் கவனம் செலுத்தணும்?’ என்று கேட்கும்போது, நம் வால் ‘எது’வோடு முன்னாலேயே ஒட்டிக்கொள்கிறது. வாக்கியத்தின் கடைசியில் ஒன்றும் மிச்சமில்லை. இங்கிலீஷில் அது கடைசியில் தனியாக நிற்கும். ‘வாட் ஷுட் ஐ பே அட்டென்ஷன் டு?’ அந்த ‘டு’ இல்லாவிட்டால் கேள்வி முடியவில்லை. கிளையன்ட்டுக்கு ‘இட் வில் பி டேக்கன் கேர்’ என்று மெயில் போடுகிறவர்கள் கவனிக்க. ‘இட் வில் பி டேக்கன் கேர் ஆஃப்’ என்பதே சரி.

“வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல மிஸ் சொன்னாங்களே?” என்று சிலர் கேட்கலாம். கவிஞர் ஜான் டிரைடன் 1672-லேயே அதைக் குறையாகச் சொன்னவர். அந்தக் கருத்து இன்னும் வகுப்பறைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய இலக்கணப் புத்தகங்கள் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. தைரியமாக முடிக்கலாம்.

வால் யாருக்குச் சொந்தம்?

இப்போது தலைப்புக்கு வருவோம். ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்’ என்று நாம் சொல்வதற்கு, ‘அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணலாம்’ என்ற தமிழ் ஒரு காரணம். இன்னொரு காரணம் இங்கிலீஷுக்குள்ளேயே இருக்கு. ‘ஹேவ் எ டிஸ்கஷன் அபவுட்’ என்பது நூறு சதவிகிதம் சரி. அங்கே ‘அபவுட்’ என்ற வால் ‘டிஸ்கஷன்’ என்ற நவுனுக்குச் சொந்தம். நவுன் போய் ‘டிஸ்கஸ்’ என்ற வெர்ப் வந்ததும், வாலும் கூடவே போயிருக்க வேண்டும். நாம்தான் பிடித்துவைத்துக்கொள்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு டஜன் தப்புகள் ஒரேயடியாகச் சரியாகும். ‘புட் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி’ சரி. ஆனால், ‘எம்ஃபசைஸ் ஆன்’ வேண்டாம், ‘எம்ஃபசைஸ் குவாலிட்டி’ போதும். ‘பிளேஸ் அன் ஆர்டர் ஃபார் பிரியாணி’ சரி. ‘ஆர்டர்’ வெர்ப்பாக மாறினால் ‘ஐ ஆர்டர்டு பிரியாணி’, நடுவில் ‘ஃபார்’ வராது. ‘ஹேவ் அன் எஃபெக்ட் ஆன்’, ஆனால் வெறும் ‘அஃபெக்ட்’. ‘எ லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’, ஆனால் ‘ஐ லேக் எக்ஸ்பீரியன்ஸ்’. உடனே எல்லா வெர்ப்பின் வாலையும் வெட்டக் கிளம்பிவிடாதீங்க. ‘பார்டிசிபேட் இன்’, ‘ரிலை ஆன்’ மாதிரி சொந்த வாலோடு பிறந்த வெர்ப்களும் உண்டு.

ஒரே வார்த்தையில் ‘யூஸ்’ என்று சொல்ல முடிகிற இடத்தில், எதற்கு ‘மேக் யூஸ் ஆஃப்’ என்று மூன்று? நடுவில் நவுன் இருப்பதால் அதற்கு முன்னால் ஓர் அடைமொழியைச் சொருகலாம். ‘மேக் குட் யூஸ் ஆஃப்’, ‘பே குளோஸ் அட்டென்ஷன் டு’, ‘டேக் ஃபுல் அட்வான்டேஜ் ஆஃப்’. எவ்வளவு, எப்படி என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லாக் கூட்டணியும் வெளியாளை உள்ளே விடாது. ‘கேட்ச் சைட் ஆஃப்’ நடுவில் எதைச் சொருகினாலும் ஒட்டாது.

‘அட்வான்டேஜ்’ என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘டேக் அட்வான்டேஜ் ஆஃப் த ஆஃபர்’ என்றால் ஆஃபரை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது. அதே இடத்தில் ஒரு மனிதர் வந்தால் அர்த்தம் கெட்டுப்போகும். சீனியர்களிடம் நிறைய கற்றுக்கொண்டதாக நினைத்து இன்டர்வியூவில், ‘ஐ டுக் அட்வான்டேஜ் ஆஃப் மை சீனியர்ஸ்’ என்று சொன்னால், ‘அவங்க நல்ல மனசை ஏமாத்திக் காரியம் சாதிச்சேன்’ என்றுதான் எதிரில் இருப்பவர் காதில் விழும். வேலையே கைநழுவலாம். ‘ஐ லேர்ன்ட் எ லாட் ஃப்ரம் மை சீனியர்ஸ்’ என்பது எவ்வளவோ மேல்.

காலமும் இந்தக் கூட்டணிகளின் அர்த்தத்தை மாற்றும். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ 1815 டிசம்பரில் வந்த நாவல். அந்தக் காலத்து இங்கிலீஷில் ‘மேக் லவ் டு’ என்றால் காதல் வார்த்தை பேசி மனதைக் கவரப் பார்ப்பது. இன்று அதன் அர்த்தம் படுக்கையறைக்குள் போய்விட்டது. பழைய நாவல் படித்துவிட்டு அந்த அர்த்தத்தில் யாருக்கும் மெசேஜ் அனுப்பிவிடாதீங்க ப்ளீஸ்.

சந்தேகம் வந்தால் டிக்‌ஷனரியில் வெர்ப்பைத் தேடாதீங்க. ‘டேக்’ என்று தேடினால் ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணியே விரல் தேயும். நவுனைத் தேடுங்க. 2002-ல் முதலில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரியில், ஒரு நவுனுக்குக் கீழே எந்த வெர்ப் சேரும், எந்த ப்ரிபொசிஷன் ஒட்டும் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் இலவச ஆன்லைன் டிக்‌ஷனரிகளிலும் உதாரண வாக்கியங்கள் இருக்கு. கிடைத்ததை போன் நோட்ஸில் மூன்று வார்த்தையாகவே, வாலோடு சேர்த்து எழுதி வையுங்க.

முதலில் ‘ஃப்ரெண்ட்’ என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்களேன். ஒரே ஒருத்தரோடு நட்பானாலும் இங்கிலீஷில் அது ‘மேக் ஃப்ரெண்ட்ஸ் வித்’தான், ‘மேக் எ ஃப்ரெண்ட் வித்’ கிடையாது.