ஆப்பிரிக்கச் சைக்கிள் படையும் நமது பாடமும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில், பள்ளி நாட்களில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். சர்க்கார் அளித்த சைக்கிள்களில் பிள்ளைகளும் பெண்களும் புத்தகப் பையைப் பின்னே கட்டிக்கொண்டு, வேதகிரி மலையின் நிழலைக் கடந்து கூட்டங்கூட்டமாகச் செல்வார்கள். அங்கிருந்து கிழக்கே சென்று கடற்கரைச் சாலையை அடைந்தால் வேறொரு காட்சி. விடுமுறை நாட்களின் விடியற்காலையில், சென்னையிலிருந்து வரும் கனவான்கள் விலையுயர்ந்த அயல்நாட்டுச் சைக்கிள்களில் வில்லைப்போல் வளைந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு மாமல்லபுரத்தை நோக்கிப் பறப்பார்கள். முந்தியவர்க்குச் சைக்கிள் பிழைப்பின் கருவி. பிந்தியவர்க்கு அது பொழுதுபோக்கு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. சைக்கிளோட்டத்தையே தொழிலாகக் கொண்டு, சம்பளம் பெற்று, உலகத்தாரோடு போட்டியிடும் நிலை அது. அந்த நிலையில் நம்மவர் எங்கே என்பதே இன்று நாம் நேயர்களின் யோசனைக்கு வைக்கும் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் ஐரோப்பாவைப் பார்ப்பது வழக்கம். நாமோ ஆப்பிரிக்காவைப் பார்க்கும்படி சொல்லுகிறோம். நம்மைப்போலவே பிறர் ஆட்சியில் வருந்திய கண்டம் அது. நம்மைப்போலவே சைக்கிளை ஏழையின் வாகனமாக அறிந்த கண்டம். எரித்ரியா தேசத்தில் இத்தாலியர் ஆண்ட காலத்தில் சைக்கிள் பந்தயங்கள் ஆள்வோர்க்கே உரியவையாக இருந்தன. 1939-ஆம் ஆண்டில் இரு சாராரும் சேர்ந்து ஓடும்படி ஒரு பந்தயம் நடந்தபோது, கெப்ரெமரியம் கெப்ரு என்ற எரித்ரியர் வென்றார். அந்த மண்ணில் அன்று விழுந்த விதை அழியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் பழைய ஒலிம்பிக் வீரராகிய டக்ளஸ் ரைடர் என்பவர், தம் நாட்டுத் தொலைபேசிக் கம்பெனியாகிய எம்.டி.என். நிறுவனத்தின் ஆதரவில் ஒரு தொழில்முறைக் குழுவை வளர்த்தார். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் ஏழைகள் வேலைக்குச் செல்லவும் சைக்கிள் வழங்கும் ‘குபேகா’ என்ற தரும ஸ்தாபனத்தின் பெயரையும் அக்குழு தாங்கிற்று. முன்னேறிச் செல்வது என்பது அச்சொல்லின் பொருள். 2013-இல் ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலாக இரண்டாம் தரத் தொழில்முறை அனுமதி பெற்றது இக்குழுவே. அவ்வாண்டு மார்ச்சில் இத்தாலியின் மிலான்–சான்ரெமோ பந்தயம் கொட்டும் பனியில் நடந்தது. வழியில் ஒரு பகுதியை ஓட்ட இயலாமல் வீரர்களைப் பஸ்களில் ஏற்றிக் கடத்த நேர்ந்தது. அப்பந்தயத்தில் சாகான், கன்செல்லாரா முதலிய பெருவீரர்களை முந்தி, இக்குழுவின் ஜெரால்டு சியோலெக் முதலாவதாக வந்தார்.

சியோலெக் ஜெர்மானியர். ‘ஆப்பிரிக்கக் குழுவுக்கு ஜெர்மானியர் எதற்கு?’ என்று நம் தேசாபிமானிகளிற் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானதே, ஆனால் இதற்குத் தக்க விடையுண்டு. பெரும் பந்தயங்களிற் சேர இரண்டாம் தரக் குழு அழைப்புப் பெறவேண்டும். அழைப்போ வெற்றி கண்ட குழுவுக்கே கிடைக்கும். சந்துகள் நிறைந்த பெல்ஜிய வீதியிலும், இருநூறு பேர் நெருங்கியோடும் கூட்டத்திலும், எப்போது முன்வரவேண்டும், யார் பின்னே காற்றுக்கு ஒதுங்கவேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது. அறிந்தவர் அருகில் ஓட்டியே அறியவேண்டும். ஆகவே ரைடர் அனுபவசாலிகளை அயலிலிருந்து சேர்த்தார். 2015-ஆம் ஆண்டுக்கென நார்வேயின் போவாசன் ஹாகன், அமெரிக்காவின் டைலர் பாரர், பிரிட்டனின் ஸ்டீவ் கம்மிங்ஸ், பெல்ஜியத்தின் செர்ஜ் பாவெல்ஸ் ஆகியோர் வந்தனர்.

அவ்வாண்டு பிரெஞ்சு தேசத்தைச் சுற்றும் மகா பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. அதில் ஓடிய முதல் ஆப்பிரிக்கக் குழு இதுவே. ஒன்பது வீரருள் நால்வரே அயலார். மற்ற ஐவரும் ஆப்பிரிக்கர். மூவர் தென்னாப்பிரிக்கர், இருவர் எரித்ரியர். எரித்ரியராகிய டேனியல் தெக்லஹைமனோத், மலையேற்றத்தில் முதல்வனுக்குரிய சிவப்புப் புள்ளிச் சட்டையை அணிந்தார். அதற்கு முன் ஆப்பிரிக்கர் எவருக்கும் அப்பேறு கிட்டியதில்லை. ஜூலை 18-ஆம் தேதி மண்டேலா அவர்களின் பிறந்த தினம். அன்று மாந்த் நகரின் மேட்டில், பிரெஞ்சு வீரர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துத் தயங்கிய கணத்தில், பின்னாலிருந்து வந்த கம்மிங்ஸ் இருவரையும் கடந்து வென்றார். ஆசிரியரைக் கூலிக்கு அமர்த்துவதில் அவமானமில்லை. மாணவனுக்கு இடமளிக்காமற் போவதே அவமானம். ஒன்பதில் ஐந்து இடத்தைத் தன் மக்களுக்கு வைத்த அக்குழு இதனை நன்கு உணர்ந்திருந்தது.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். கிரிக்கெட்டைப்போல் சைக்கிளோட்டத்துக்கு அரங்கமில்லை. வீதியில் நின்று பார்ப்பவனிடம் டிக்கட் வசூலிக்க முடியாது. தொலைக்காட்சிப் பணத்திலும் குழுக்களுக்குக் கிடைப்பது அற்பமே. ஆகவே குழுவின் உயிர் ஆதரவளிக்கும் கம்பெனியின் கையில் இருக்கிறது. கம்பெனி மாறினால் குழுவின் பெயரே மாறுகிறது. 2016-இல் டைமென்ஷன் டேட்டா என்ற கம்பெனியின் பெயரோடு இக்குழு முதல் தரத்துக்கு உயர்ந்தது. வேக வீரராகிய மார்க் கேவண்டிஷ் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டுப் பிரெஞ்சுப் பந்தயத்தில் நான்கு நாள் வெற்றிகளைப் பெற்றார். மஞ்சள் சட்டையும் அணிந்தார். 2020-இல் ஜப்பானிய என்.டி.டி. கம்பெனியின் பெயர் வந்தது; அவ்வாண்டோடு அக்கம்பெனி விலகிற்று. 2021-இல் ஒரு ஸ்விஸ் உடுப்புக் கம்பெனியும், பின்னர் மின்னணு நாணய வியாபாரத்தில் ஈடுபட்ட ஒரு கம்பெனியும் கைகொடுத்தன. பிந்தியதன் ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது என்று ஆடம்பரமாக அறிவிக்கப்பட்டது. இத்தாலியப் பந்தயத்தில் அவ்வாண்டு இக்குழுவின் வீரர் மூவர் மூன்று நாட்களில் வென்றனர். ஆயினும் ஆண்டு முடிவதற்குள் பணம் வற்றியது; முதல் தர அனுமதி போயிற்று. வெற்றியின் நடுவிலேயே குழு கலைந்தது. பின்னர் ரைடர் நிறுவிய புதுக்குழு 2023-இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அது பதிவு பெற்றது ஸ்விட்ஸர்லாந்தில்!

எனினும் அவ்வுழைப்பு வீணாயிற்று என்று சொல்ல நாம் துணியோம். ருவாண்டாவின் 1994-ஆம் ஆண்டுப் படுகொலையில் சகோதரர் அறுவரை இழந்த அட்ரியன் நியோன்ஷுட்டி, இக்குழுவில் ஓட்டி, 2012 ஒலிம்பிக்கில் தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். அந்த ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் 2025 செப்டம்பரில் உலக வீதிச் சைக்கிள் போட்டி நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் அது நடந்தது அதுவே முதல் தடவை. 2024-இல் எரித்ரியரான பினியம் கிர்மாய் பிரெஞ்சுப் பந்தயத்தில் மூன்று நாட்கள் வென்று பச்சைச் சட்டையோடு திரும்பினார். அவர் வேறு குழுவின் வீரர். ஆயினும் தெக்லஹைமனோத் திறந்த கதவு வழியாகவே அவரும் நுழைந்தார் என்பதை மறுப்பார் இல்லை.

இப்போது நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 1949-இல் தோன்றிய டி.ஐ. கம்பெனி, அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்துச் சைக்கிள்களைச் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 2001-இல் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த திட்டத்தால் பதினோராம் வகுப்பு மாணாக்கர் சர்க்காரிடம் சைக்கிள் பெறுகின்றனர். குபேகா தருமப் பணம் திரட்டிச் செய்ததை நம் மாகாணம் பொதுப் பணத்தில் செய்திருக்கிறது. நமது செங்கற்பட்டு ஜில்லாவிலேயே மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் ஓட்டத்துக்குரிய சாய்தளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் அங்கே நடந்தன. திறமை இல்லையோ என்றால் அதுவும் உண்டு. நிக்கோபார்த் தீவின் ஈசோ ஆல்பன் 2018-இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார்; மறு ஆண்டு நம் இளைஞர் குழு ஜெர்மனியில் பொன்னே வென்றது.

இவ்வளவும் சாய்தள ஓட்டத்தின் பெருமை. வீதியோட்டத்தில், பிரெஞ்சு தேச மகா பந்தயத்தில் ஓட ஓர் இந்தியக் குழு நமக்கு இல்லை. சைக்கிள் இருக்கிறது, சாலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறான். இம்மூன்றையும் இணைக்கும் கயிறு இல்லை.

ஆதலின் நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது, தாலுக்காதோறும் சர்க்கார் சைக்கிளிலேயே மாணவர் பந்தயம் நடத்தவேண்டும். எல்லார்க்கும் ஒரே வண்டியாதலால் பணக்காரன் பிள்ளைக்கு விசேஷ லாபமில்லை. கால் வலியும் நெஞ்சுரமுமே தீர்ப்புச் சொல்லும். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரை அத்தகைய பந்தயம் ஒன்று நடத்த என்ன செலவாகும்? போக்குவரத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தப் போலீசாரும், தண்ணீர் கொடுக்க ஊராரும் இருந்தாற் போதும். இரண்டாவது, தேறியவர்களை மேலக்கோட்டையூரில் வைத்துப் பயிற்றி, அயல்நாட்டு ஆசிரியரைத் தயங்காமல் வரவழைக்கவேண்டும். மூன்றாவது, குழு அமைக்கும்போது ஒரே கம்பெனியின் தயவில் நில்லாமல், பல கம்பெனிகளும் பொது ஜனங்களும் சேர்ந்த நிதியொன்றைக் கட்டவேண்டும். இரண்டாண்டுச் சம்பளத்தை முன்னதாகச் சேமித்து வைத்த பின்னரே வீரனிடம் கையொப்பம் வாங்கவேண்டும். குழுவின் பெயர் கம்பெனியுடையதாக இராமல் நாட்டினுடையதாக இருக்கட்டும். கம்பெனி போனாலும் பெயர் நிற்கும். பெயர் நின்றால் அபிமானமும் நிற்கும்.

திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அமுதுண்டு போனதைக் கண்டவர் நம் ஊரில் உண்டு. இப்போது அவை வருவதில்லை. ஏதோ ஒரு பெரிய கம்பெனி வானிலிருந்து இறங்கி நம் இளைஞரை ஐரோப்பாவுக்குத் தூக்கிச் செல்லும் என்று காத்திருப்பது, வராத கழுகுக்கு அன்னம் வைத்துக் காத்திருப்பதை ஒக்கும். அடிவாரத்துச் சாலையிலோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான சக்கரங்கள் சுழல்கின்றன. வாலிபர் சங்கத்தாரும் ஊர்த் தொண்டர்களும் அண்ணாந்து பார்ப்பதை விட்டு, அந்தச் சாலையைப் பார்ப்பார்களாக.