ஓட்டை பொருந்தினால் போதுமா? கிரைண்டர் சக்கரம் மாட்டும் முன் நம்பரைப் பாருங்கள்!

கிரைண்டர் என்றதும் நம்மில் பலருக்கு இட்லி மாவுதான் ஞாபகம் வரும்.

இது அந்தக் கிரைண்டர் அல்ல. தீப்பொறி பறக்க இரும்பை அறுக்கும் கை கிரைண்டர். "ஆங்கிள் கிரைண்டர்" என்று பெயர்.

கிரில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் இது இருக்கும். டைல்ஸ் பதிக்கிறவர் கையில் இருக்கும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில் காது கிழியச் சத்தம் போடும். இப்போது வீட்டுக்கு வீடு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

மெஷின் விலை ஆயிரக்கணக்கில். அதில் மாட்டும் சக்கரமோ, டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குள் கிடைக்கும். அந்தச் சின்னச் சக்கரம் சரியாக இருந்தால் வேலை முடியும். தப்பாக இருந்தால் கண் போகும், விரல் போகும். உயிரே கூடப் போகும்.

கடையில் நடப்பது என்ன?

ஹார்டுவேர் கடைகளில் தினமும் கேட்கிற பேச்சு இது:-

"அண்ணே, கட்டிங் வீல் ஒண்ணு குடுங்க."

"எத்தனை இஞ்ச் தம்பி?"

"நாலு இஞ்ச் மெஷின்தான். கொஞ்சம் பெரிசா இருந்தாலும் குடுங்கண்ணே, ஆழமா அறுக்கும். ஓட்டை சேர்ந்தா போதும்."

இந்த "ஓட்டை சேர்ந்தா போதும்" என்ற பேச்சில்தான் வினை இருக்கிறது.

சக்கரத்தின் ஓட்டை மெஷினுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது முதல் படிதான். அதைவிட முக்கியமானது, அந்தச் சக்கரம் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது. அது சக்கரத்தின் மேலேயே அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு!

ரெயிலைவிட வேகம்

4 அங்குல கிரைண்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 11 ஆயிரம் தடவை சுற்றுகிறது. நம் வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் நிமிடத்துக்கு 400 தடவையைத் தாண்டுவது அபூர்வம்.

4 அங்குலச் சக்கரத்தின் விளிம்பை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. வந்தே பாரத் ரெயிலே 180 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டது!

அந்த வேகத்தில் சக்கரம் உடைந்தால் துண்டு எப்படிப் பறக்கும்? 100 மீட்டர் தூரத்தை 2 விநாடிக்குள் தாண்டும். பார்த்து ஒதுங்க நேரம் ஏது?

7 அங்குலம் மாட்டினால்?

சக்கரம் பெரிதாக ஆக, விளிம்பின் வேகம் கூடும். அதனால்தான் பெரிய கிரைண்டர்களை மெதுவாகச் சுற்றும்படி செய்கிறார்கள். 7 அங்குல மெஷின் சுமார் 8,500 தடவை. 9 அங்குல மெஷின் சுமார் 6,500 தடவை.

இந்த வகைச் சக்கரங்களுக்குப் பொதுவாக உள்ள எல்லை, விநாடிக்கு 80 மீட்டர். அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். பல சக்கரங்களில் இதைக் காட்ட ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள்.

இப்போது 7 அங்குலச் சக்கரத்தை 4 அங்குல மெஷினில் மாட்டினால் என்ன ஆகும்? விளிம்பு வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். சக்கரத்தைப் பிய்த்து எறியப் பார்க்கும் விசை, தாங்கக்கூடிய அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும்.

சக்கரம் வெடிப்பது இதனால்தான்.

ஆகவே விதி ஒன்றுதான். சக்கரத்தில் போட்டிருக்கும் நம்பர், மெஷினில் போட்டிருக்கும் நம்பரைவிடக் குறையக் கூடாது. 4 அங்குலச் சக்கரத்தில் 15 ஆயிரத்துக்கு மேல் போட்டிருக்கும். மெஷினில் 11 ஆயிரம். சரி, மாட்டலாம். சக்கரத்தில் 8,500 என்றிருந்தால் 4 அங்குல மெஷின் பக்கமே கொண்டு போகக் கூடாது.

இங்கிலீஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை. நம்பர் எல்லோருக்கும் தெரியுமே!

கார்டைக் கழற்றாதீர்கள்!

"7 இஞ்ச்தானே ஆகாது, 5 இஞ்ச் மாட்டலாமா?" என்று சிலர் கேட்பார்கள்.

5 அங்குலச் சக்கரம் வேகத்தைத் தாங்கக்கூடும். ஆனால் 4 அங்குல மெஷினின் கார்டுக்குள் அது நுழையாது. நுழையவில்லை என்றதும் நம்ம ஆள் என்ன செய்கிறார்? கார்டையே கழற்றி மூலையில் போடுகிறார்!

கார்டு என்பது அழகுக்கு வைத்த தகடு அல்ல. சக்கரம் உடைந்தால் துண்டு உங்கள் மேல் வராமல் தடுக்க இருக்கும் ஒரே சுவர் அதுதான். பெரிய சக்கரம் மாட்டுகிறவர் அபாயத்தைக் கூட்டி, பாதுகாப்பையும் கழற்றி விடுகிறார்.

ஓட்டையிலும் வித்தியாசம் உண்டு. நம் ஊரில் 4 அங்குலச் சக்கரத்தின் ஓட்டை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர். 5 அங்குலம் முதல் பெரிய சக்கரங்களுக்கு 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரிய ஓட்டைக்குள் வாஷர் போட்டுச் சரிக்கட்டினால் சக்கரம் நட்டநடுவில் நிற்காது. ஒரு பக்கமாக ஆடும். 11 ஆயிரம் சுற்றில் அந்த ஆட்டம் மெஷினையே கையிலிருந்து உதறிவிடும்.

தேய்ந்து சிறுத்துப்போன பெரிய சக்கரத்தைச் சின்ன மெஷினில் மாட்டும் பழக்கமும் பட்டறைகளில் இருக்கிறது. இதுவும் தப்பு. ஓட்டையும் சேராது, நம்பரும் சேராது.

அறுப்பது வேறு, தேய்ப்பது வேறு

சக்கரத்தில் இரண்டு ஜாதி உண்டு.

மெல்லியது அறுக்க. 1 மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். இதை "கட்டிங் வீல்" என்பார்கள். கனமானது தேய்க்க. சுமார் 6 மில்லிமீட்டர் கனம், நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்திருக்கும். இது "கிரைண்டிங் வீல்". வெல்டிங் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது இதன் வேலை.

கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது. அறுக்கும்போது விளிம்பு தாங்கும். பக்கவாட்டில் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும்.

அறுக்கும்போது சக்கரம் நேராக இறங்க வேண்டும். துண்டின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுபட்ட வாய் மூடிக்கொண்டு சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். மெஷின் எகிறி அடிக்கும்.

இரும்பா, எவர்சில்வரா, கல்லா?

சக்கரம் எதனால் ஆனது? கூரான மணல் போன்ற பொடி. அதைப் பிடித்து வைக்கும் பிசின். உள்ளே வலை போலக் கண்ணாடி நார். பொடி மழுங்கினால் உதிர்ந்து, அடுத்த கூர் மேலே வரும். சக்கரம் தேய்வது இப்படித்தான்.

பொடிக்கு ஏற்ப வேலை மாறும்:-

இரும்புக்கு அலுமினியம் ஆக்சைடு. லேபிளில் "ஏ" என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கும்.

கல், கான்கிரீட்டுக்கு சிலிக்கன் கார்பைடு. எழுத்து "சி". இதை இரும்பில் வைத்தால் சீக்கிரம் தேய்ந்து போகும். காசுதான் நஷ்டம்.

எவர்சில்வருக்கு "ஐநாக்ஸ்" என்று போட்ட சக்கரம். அதில் இரும்பு, கந்தகம், குளோரின் கலப்பு இராது. சாதா சக்கரத்தால் எவர்சில்வர் கைப்பிடியை அறுத்தால், பிறகு அந்த இடத்தில் துரு வரும். "எவர்சில்வர்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று வீட்டுக்காரர் பட்டறைக்காரரைத் திட்டுவார். குற்றவாளி சக்கரம்!

அலுமினியத்துக்கு அதற்கென்று உள்ள சக்கரம்தான். சாதா சக்கரத்தில் அலுமினியம் அப்பிக்கொண்டு சூடேறும்.

டைல்ஸுக்கு வைரப்பொடி பதித்த பிளேடு.

மரம் அறுக்கப் பல் வைத்த ரம்பத் தகட்டைக் கை கிரைண்டரில் மாட்டுகிறார்கள். இது மிக மிக ஆபத்து. பல் மரத்தில் மாட்டியதும் மெஷின் துள்ளும். அந்த வேகத்தில் பிடித்து நிறுத்தக் கையால் முடியாது.

சக்கரத்துக்கும் தேதி உண்டு!

மருந்துச் சீசாவில் தேதி பார்க்கிறோம். சக்கரத்திலும் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். பிசினால் ஆன சக்கரத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் ஆயுள். ஈரம் பட்டால் பிசின் பலம் இழக்கும். மழையில் நனைந்த சக்கரம் காய்ந்த பிறகு புதுசு போலத் தோன்றும். உள்ளே பலம் போயிருக்கும்.

கீழே விழுந்த சக்கரத்தையும் ஒதுக்கி விடுங்கள். முடி போன்ற விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டுவது எப்படி?

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள்.

2. அளவு, நம்பர், தேதி மூன்றையும் பாருங்கள். ஓரம் சிதைந்திருந்தால் வேண்டாம்.

3. சக்கரம் உட்காரும் பிளாஞ்சைத் துணியால் துடையுங்கள். ஒரு துணுக்கு இரும்புத் தூள் இருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும்.

4. நட்டுக்கு இரண்டு முகம் உண்டு. கனமான சக்கரத்துக்கு நட்டின் மேடு சக்கரத்தின் ஓட்டைக்குள் இறங்க வேண்டும். மெல்லிய சக்கரத்துக்குத் தட்டையான முகம் சக்கரத்தின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகியது போல இருக்கும், சக்கரம் வழுக்கும். சந்தேகம் என்றால் மெஷினோடு வந்த படத்தைப் பாருங்கள்.

5. மெஷினோடு வந்த சாவியால் இறுக்குங்கள். சுத்தியால் தட்டாதீர்கள். லாக் பட்டனைச் சக்கரம் நின்ற பிறகுதான் அழுத்த வேண்டும்.

6. கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது.

7. கார்டை உங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். சக்கரத்தின் நேர் வாட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஆட்டமோ புதுச் சத்தமோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கண்ணுக்கு மறைப்புக் கண்ணாடி கட்டாயம். கூலிங் கிளாஸ் அதற்கு ஈடாகாது. தோளில் தொங்கும் துண்டைக் கழற்றி வையுங்கள். தின்னர் டின், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இருந்தால் தீப்பொறி வேலையே கூடாது. கல், டைல்ஸ் அறுக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி போடுங்கள்.

இரண்டும் 1954-ல்!

வேகமாகச் சுற்றும் ஆங்கிள் கிரைண்டரை 1954-ம் ஆண்டு அறிமுகப்படுத்தியது ஜெர்மனியைச் சேர்ந்த பிளெக்ஸ் கம்பெனி. அந்த நாட்டில் இன்றும் இந்த மெஷினுக்கே "பிளெக்ஸ்" என்றுதான் பேச்சு வழக்கு. அதே 1954-ல்தான் நம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் அதன் சாணைச் சக்கர ஆலை வந்தது. வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

லேபிள்தான் அறிவிப்புப் பலகை

சாணைச் சக்கரத்தின் வேகத்தைப் பற்றி 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதன் 30-வது பிரிவு, சக்கரம் தாங்கக்கூடிய வேகத்தை ஒவ்வொரு மெஷின் அருகிலும் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும் என்றது.

ஆனால் அந்தச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால் 10 பேராவது வேலை செய்யும் தொழிற்சாலைக்குத்தான் பொருந்தியது. முதலாளியும் இரண்டு பையன்களும் வேலை செய்யும் தெருமுனைப் பட்டறைக்குப் பலகை ஏது?

அங்கே சக்கரத்தின் மேல் ஒட்டிய லேபிள்தான் பலகை. ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் அது அழுக்காகி, படிக்க முடியாமல் போகும். ஆகவே மாட்டும் முன்பே படிக்க வேண்டும்.

கடைக்கார நண்பர்களே, "எத்தனை இஞ்ச்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மெஷின்ல என்ன நம்பர் போட்டிருக்கு? எதை அறுக்கப் போறே?" என்றும் கேளுங்கள். தேதி முடிந்த சக்கரத்தைக் கழிவு விலைக்குத் தள்ளாதீர்கள்.

வீட்டில் கேட் வேலை, டைல்ஸ் வேலை நடக்கிறதா? வேலைக்கு வந்தவரின் மெஷினில் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், "கார்டு போட்டுட்டு ஆரம்பிங்க அண்ணே" என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

ரோட்டோரம் தீப்பொறி பறந்தால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்து விடுங்கள்.

"எத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலே" என்பார்கள் சிலர். சக்கரம் உடைவதற்கு முதல் விநாடி வரை எல்லோரும் சொல்லக்கூடிய பேச்சுத்தான் அது!